தலைக்கட்டு

வரி நோட்டை இருபத்திரண்டு வருசமாய்
நான்தான் எழுதுகிறேன்.
அசனத்துக்குத் தலைக்கட்டுக்கு ஐந்நூறு,
தனித்திருக்கும் விதவைக்குப் பாதி,
துபாயில் இருப்பவனுக்கு இரண்டு பங்கு.
அவன் தருவதில்லை, அது வேறு கதை.

அரிசி எட்டு மூட்டை.
கத்தரிக்காயைப் பாளை மார்க்கெட்டில்
விடியுமுன் எடுத்தால்தான் விலை படியும்.
அண்டா மேலப்பாளையத்திலிருந்து வரும்.
காதர் முகைதீன் வாடகை எழுத மாட்டார்,
"நோம்புக் கஞ்சிக்கு உங்க வெறகு வந்துச்சுல்லா" என்பார்.
அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் முகாம்.
நூற்றுப்பத்துக் குடும்பம், ஓட்டை விழுந்த சீட்டுக் கூரை,
ஆள் எண்ணும் நாளில் வேலைக்குப் போகாமல்
வரிசையில் நிற்பார்கள்.
நாங்கள் ஒன்றும் குறை வைத்ததில்லை.
பெண்கள் சங்கத்தின் கைப்பிடி அரிசி
மாதக் கடைசியில் ஒரு சாக்கு,
கிறிஸ்துமசுக்குப் போர்வை,
போர்வையோடு ஒரு போட்டோ.
போட்டோவில் எங்கள் ஆட்கள்தான் சிரித்திருப்பார்கள்.
அசனத்தன்று அவர்களுக்குக் கடைசிப் பந்தி.
மிச்சம் என்று யாரும் சொல்ல மாட்டோம்.
கடைசிப் பந்தி என்போம்.

இந்த வருசம்
வியாழக்கிழமை ஜெபம் முடிந்து விளக்கணைக்கையில்
சிவயோகம் வந்து நின்றாள்,
நெற்றியில் திருநீறு கலையாமல்.
கைக்குட்டை முடிச்சில் ஐந்நூறு ரூபாய்,
நூறும் ஐம்பதும் இருபதுமாய்.
"அண்ணை, எங்களிட்டையும் வரி எடுங்கோ."
"உங்களுக்குத்தான் சும்மாவேலா போடுதோம்."
"ஓம், தெரியும்.
முப்பத்திமூண்டு வருசமாத் தெரியும்."

கமிட்டியில் வைத்தேன்.
ஞானஸ்நானம் எடுத்தாச்சா என்றார் சாலமோன்பொன்ராஜ்.
கியூ பிராஞ்சு கேட்டா யாருவே பதில் சொல்ல என்றார் இன்னொருவர்.
"இன்னைக்கு வரி. நாளைக்குக்
கல்லறைத் தோட்டத்துல எடம் கேட்டா?"
மின்விசிறி மட்டும் பேசியது.
ஐயர் வேதாகமத்தைத் திறந்தார், பிறகு மூடிவிட்டார்.
அவர் வாசிக்கப்போன வசனம்
எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.
அதுதான் சங்கடம்.
அடுத்த மாதம் பார்க்கலாம் என்று
காப்பி குடித்துக் கலைந்தோம்.

தூக்கம் வரவில்லை.
பீரோவின் அடித்தட்டில் கரையான் தின்றதுபோக
மிஞ்சிய முதல் நோட்டை எடுத்தேன்.
மசி பழுப்பேறிய எழுத்து:
வீடு கொளுத்தப்பட்டு அடைக்கலம் வந்தோர்
பதினேழு தலைக்கட்டு.
ஏழாவது வரியில் என் பூட்டனாரின் தகப்பன்,
வயது முப்பது, பனையேற்று.
ஓரத்தில் சிறிதாய்:
இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர்.

காலையில் பேனாவால் எழுதினேன்.
பென்சிலால்தான் எழுத நினைத்திருந்தேன்.
ரசீதில் "ஊர்" என்ற இடத்தில் கை நின்றது.
அவளும் பார்த்துக்கொண்டே நின்றாள்.
"முகாம் எண்டு மட்டும் போடாதேங்கோ."
எங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன்.
தாலுகா ஆபீசில் அது செல்லாது.
செல்லாது என்பது அவளுக்கும் தெரியும்,
கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டாளாம்.

முகாமில் மற்ற ஆறு வீட்டார் வந்தார்கள்.
பாக்கிப் பேர் சிரித்தார்கள்,
சும்மா கிடைக்கிற சோற்றுக்குக் காசா என்று.
சாலமோன்பொன்ராஜ் என்னோடு பேசுவதில்லை.
அவர் வரியை மகன் வந்து கட்டினான்.

அசனத்தன்று முதல் பந்தி.
தலைக்கட்டுப்படி இலை.
ஐயர் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்குமுன்
பிள்ளைகள் அப்பளத்தை நொறுக்கியாயிற்று.
நான் வாளியோடு வரிசையில் வந்தேன்.
சிவயோகம் ஒரு வாய் தின்றாள்,
நிமிர்ந்து பார்த்தாள்,
ஊர் கேட்கும் சத்தத்தில் சொன்னாள்:
"கூட்டுக்கு உப்புக் காணாது, அண்ணை."

மூன்று இலை தள்ளி யாரோ
"ஆமா, நானும் நெனச்சேன்" என்றார்.
வரி கட்டினவள்.
உப்பு எடுக்க உள்ளே ஓடினேன்.